வழிநடைக் கலம்: தமிழ்நாட்டுப் பயணத் தண்ணீர்ப் பாத்திரங்களின் வரலாறு

பயணம் புறப்படுகிறவர் உடன் எடுத்துச்செல்லத் தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அது எவ்வளவு பிடிக்கும், எத்தனை ஆண்டு உழைக்கும், ஒழுகாமல் இருக்குமா என்னும் கேள்விகளே இன்று முதலில் எழுகின்றன. இவற்றுக்கெல்லாம் மூத்த கேள்வி வேறொன்று உண்டு: போகிற வழியில் தண்ணீர் கிடைக்குமா, கிடைக்கும் தண்ணீரை நம்பிக் குடிக்கலாமா, குடிப்பதற்கு அங்குள்ளவர்கள் விடுவார்களா என்பதே அது. சுரைக்குடுக்கை முதல் எவர்சில்வர் பாட்டில் வரை தமிழ்நாட்டு வழிப்போக்கர் கையில் மாறிமாறி வந்த கலங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒவ்வொன்றின் வடிவத்தையும் பொருளையும் கொள்ளளவையும் அந்தந்தக் காலத்து வழியே பெரும்பாலும் முடிவு செய்திருக்கிறது என்பது புலப்படும்.

மனிதர் நீரைச் சுமந்து நடக்கத் தொடங்கியதற்கான பழைய சான்றுகள் தென்னாப்பிரிக்காவில் கிடைத்துள்ளன. அங்குள்ள டீப்க்ளூஃப் பாறைக் குகையில் ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட, கோடுகள் கீறி அணிசெய்யப்பட்ட நெருப்புக்கோழி முட்டை ஓட்டுத் துண்டுகள் எடுக்கப்பட்டன. அவை நீர்க்கலங்களாகப் பயன்பட்டவை என்று தொல்லியலாளர் கருதுகின்றனர். ஆப்பிரிக்காவையே பிறப்பிடமாகக் கொண்ட சுரைக்கொடி மிகப் பழங்காலத்திலேயே ஆசியாவுக்கும் அமெரிக்கக் கண்டங்களுக்கும் பரவியது. மனிதர் பயிரிட்ட செடிகளில் உணவுக்காக மட்டுமன்றிக் கலத்துக்காகவும் பேணப்பட்டவை மிகச் சில, அவற்றுள் சுரை முதன்மையானது. முற்றிய சுரைக்காயைக் கொடியிலேயே காயவிட்டு, கழுத்துப் பகுதியில் துளையிட்டு, விதையையும் பஞ்சு போன்ற உட்சதையையும் நீக்கி, கசப்புப் போகும்வரை பல முறை தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் குடுக்கை உருவாகும். நிறைய நீர் பிடித்தாலும் தன் எடை மிகக் குறைவாக இருப்பதும், கழுத்துக் குறுகியிருப்பதால் கயிறு கட்டித் தோளில் தொங்கவிட ஏதுவாக இருப்பதும் இதன் சிறப்புகள். கீழே விழுந்தால் உடையும் என்பதும், உட்புறத்தை முழுமையாகத் தேய்த்துக் கழுவ முடியாது என்பதும் இதன் குறைகள். எடை, வலிமை, தூய்மை ஆகிய மூன்றையும் ஒரே கலத்தில் பெற முடியாமல் ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்கும் நிலை இந்தக் குடுக்கையிலேயே தொடங்கிவிட்டது.

சங்க இலக்கியத்தில் வழிநடையும் தாகமும் பாலைத்திணைக்கு உரியவை. நீரற்ற சுரத்தில் செல்வோர் நெல்லிக்காயைத் தின்று தாகம் தணித்துக்கொண்ட செய்தி அப்பாடல்களில் வருகிறது. கலித்தொகையின் பாலைக்கலிப் பாடல் ஒன்றில், உடன்போக்குச் சென்ற மகளைத் தேடி வரும் செவிலித்தாய் எதிர்ப்படும் அந்தணரை விளித்துக் கேட்கிறாள். வெயிலைத் தாங்கும் குடை, உறியில் தொங்கும் கரகம், முக்கோல் ஆகிய மூன்றும் அவர்களிடம் இருந்ததாக அங்கே சொல்லப்படுகிறது. கரகம் என்பது நீர் வைக்கும் சிறு கலம். உறி என்பது கலத்தைத் தாங்கித் தொங்கவிடும் கயிற்றுப் பின்னல். குறுந்தொகையிலும் கோலோடு சேர்த்துப் பிடித்த, தாழ்ந்து தொங்கும் கமண்டலத்துடன் பார்ப்பனச் சிறுவன் ஒருவன் காட்டப்படுகிறான். மதுரைக்காஞ்சி சமணப் பள்ளியை வருணிக்குமிடத்தில், கல்லைக் குடைந்து செய்தாற்போன்ற, வாய் சிறுத்த கரண்டை என்னும் நீர்க்கலத்தைத் துறவியர் பல வடங்கள் கொண்ட உறியில் தொங்கவிட்டிருந்ததைக் குறிக்கிறது. மூன்று நூல்களிலும் கலம் தொங்கிக்கொண்டே இருப்பது கவனத்துக்கு உரியது. இறுகப் பூட்டும் மூடி இல்லாத காலத்தில் தண்ணீர் சிந்தாமல் காக்கும் வழி, கலம் எப்போதும் நிமிர்ந்து நிற்குமாறு அதை ஆடும் கயிற்றில் விடுவதே. உறி அன்றைய மூடியாகவே பணி செய்தது எனலாம். வாய் சிறுத்திருந்ததற்கும் இதுவே காரணமாக இருந்திருக்க வேண்டும். நடையின் அதிர்ச்சியில் தளும்பும் நீர் சிறிய வாயின் வழியே எளிதில் வெளியேறாது, பூச்சியும் தூசியும் எளிதில் உள்ளே புகா.

துறவியரின் கலம் அக்காலப் பயணத்தின் அடையாளமாகவே ஆகியிருந்தது என்பதற்குக் காவிரியின் தோற்றக் கதை போதும். அகத்தியரின் கரகம் கவிழ்ந்து காவிரி பெருகியதாக மணிமேகலையின் பதிகம் கூறுகிறது. பிற்காலக் கதைகளில் காக்கை வடிவில் வந்த பிள்ளையார் அந்தக் கமண்டலத்தைக் கவிழ்க்கிறார். ஒரு நாட்டின் தலையான ஆறு வழிப்போக்கர் ஒருவரின் தண்ணீர்ப் பாத்திரத்திலிருந்து பிறந்ததாகக் கற்பனை செய்த மக்கள், அந்தப் பாத்திரத்துக்கு அளித்த மதிப்பு எளியதன்று.

பயணக் கலத்தின் அமைப்பை விளக்கமாக எழுதிவைத்தவர் சீனத் துறவி இ-சிங். கி.பி. 671இல் கடல்வழியாகப் புறப்பட்டு, ஸ்ரீவிஜயத்தில் தங்கி, பின் நாலந்தாவில் சுமார் பத்து ஆண்டுகள் கற்ற அவர், இந்தியத் துறவியரின் நடைமுறைகளைத் தம் நாட்டவருக்கு எடுத்துரைக்கும் நூலில் நீர்க்கலத்துக்கென்றே தனி இயல் ஒதுக்கினார். துறவியிடம் இரண்டு கலங்கள் இருக்க வேண்டும்; குடிநீருக்கானது மண்ணாலோ பீங்கானாலோ, கைகால் கழுவும் நீருக்கானது செம்பாலோ இரும்பாலோ ஆனதாக இருக்க வேண்டும் என்பது அவர் தரும் விதி. குடிநீர்க் கலத்தின் உச்சியில் குச்சி நுழையும் அளவுக்கு ஒரு நுண்துளை குடிப்பதற்கு. பக்கவாட்டில் நாணய அளவில் மற்றொரு வாய் நீரை நிரப்புவதற்கு. நிரப்பும் வாய் பெரிதாகவும் குடிக்கும் வாய் சிறிதாகவும் இருக்க வேண்டும் என்னும் இந்தத் தெளிவு, இன்று மலையேறுவோர் கையில் உள்ள இரட்டை மூடிப் பாட்டில்களில் மீண்டும் தோன்றுகிறது. நிரப்புமுன் உள்ளே கழுவ வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்துகிறார். நீரிலுள்ள சிற்றுயிர்கள் சாகாதிருக்க வடிகட்டும் துணியும் துறவியின் உடைமைகளுள் ஒன்றாக இருந்தது. அருளை முன்னிட்டு எழுந்த இவ்வழக்கம் உடல்நலத்தையும் ஓரளவு காத்திருக்கும். அவர் குறிப்பிடும் குண்டி அல்லது குண்டிகை என்னும் பெயரே தமிழில் கெண்டி என்றும், மலையாளத்தில் கிண்டி என்றும், மலாய் மொழியில் கெண்டி என்றும் வழங்குவதாகக் கூறுவர். தென்கிழக்காசியக் கடற்கரை எங்கும் மூக்கு வைத்த மண்கெண்டிகள் கிடைத்திருப்பதை நோக்கினால், சமயத்தோடும் வணிகத்தோடும் ஒரு நீர்க்கலமும் கடல் கடந்தது தெளிவாகிறது.

இல்லறத்தார் பயணத்தில் நிலைமை வேறாக இருந்தது. அவர்கள் தண்ணீரைச் சுமப்பதைக் காட்டிலும் வழியில் பெறுவதையே பெரிதும் நம்பினர், அதற்கு ஏற்ற ஏற்பாடும் நாட்டில் இருந்தது. திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்திருந்ததைப் பெரியபுராணம் கூறுகிறது. தண்ணீர்ப்பந்தல் என்பது பெருவழியின் ஓரத்தில் நிழலமைத்து வழிப்போக்கருக்குக் குடிநீர் வழங்கும் இடம். சோழர் காலக் கல்வெட்டுகள் இதற்கு நிலம் விடப்பட்டதைப் பதிவு செய்கின்றன. நீர் இறைத்துக் கொண்டுவருபவருக்கும், வார்த்துக் கொடுப்பவருக்கும், கலம் செய்து தரும் குயவருக்கும் தனித்தனியே பங்கு ஒதுக்கப்பட்டதும் உண்டு. நீர் இருந்தால் போதாது, அதைத் தினமும் கொண்டுவர ஆளும், உடைந்த கலத்துக்கு மாற்றும் வேண்டும் என்று கணக்கிட்ட அந்த நிருவாக அறிவு இன்றைய பொதுக் குடிநீர்த் தொட்டிகள் பலவற்றில் காணக் கிடைக்காதது. தண்ணீர்ப்பந்தலும், சத்திரமும், சாலைக் கிணறும் அமைந்த வழியில் நடப்பவருக்குப் பெரிய குடம் தேவையில்லை; ஒரு செம்பும், அதைக் கிணற்றில் இறக்க ஒரு கயிறும் இருந்தால் போதும்.

செம்பு, உருண்ட வயிறும் குறுகிய கழுத்தும் வெளிநோக்கி விரிந்த விளிம்பும் கொண்ட சிறு பாத்திரம்; செம்பால் செய்யப்பட்டதால் உலோகத்தின் பெயரே கலத்தின் பெயரானது, பின்னர் பித்தளையிலும் வெண்கலத்திலும் செய்யப்பட்டபோதும் அப்பெயர் மாறவில்லை. கழுத்துக் குறுகியிருப்பதால் சுருக்குக் கயிறு நழுவாது. விளிம்பு விரிந்திருப்பதால் உதடு படாமல் அண்ணாந்து குடிக்கும்போது நீர் ஒழுங்கான தாரையாக விழும். வயிறு உருண்டிருப்பதால் மூலைகளில் அழுக்குத் தங்காமல் புளியும் சாம்பலும் கொண்டு கையை விட்டுத் துலக்க முடியும். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையில், தாம் இந்நாட்டில் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்தது என்று வட இந்தியர் லோட்டா என்றழைக்கும் இந்தச் செம்பைத்தான் போற்றினர். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், எவருடைய கை அதைப் பிடிக்கும், நிறைந்தபோதும் குறைந்தபோதும் எடை எங்கே நிற்கும், எப்படிக் கழுவுவது, வெயிலில் தொட்டால் எப்படி இருக்கும், தேய்ந்தபின் உலோகத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்று அவர்கள் அடுக்கிய வினாக்கள், பயணப் பாத்திரம் வாங்கும் எவருக்கும் இன்றும் பொருந்துவன. அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அந்த அறிக்கை அடிப்படையாயிற்று.

ஆயினும் செம்பும் கயிறும் எல்லார்க்கும் ஒரே அளவில் உதவவில்லை. கிணற்றில் கயிறு இறக்கும் உரிமை சாதியால் வரையறுக்கப்பட்டிருந்த ஊர்களில், ஒடுக்கப்பட்ட வழிப்போக்கர் தம் கையில் செம்பு இருந்தும், கண்ணெதிரே நீர் இருந்தும், பிறர் இரங்கி ஊற்றும் வரை காத்து நின்றனர். உள்ளங்கை குவித்துக் குடித்தனர். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மராட்டிய நாட்டு மகாட் நகரில் பொதுக்குளத்து நீரை அள்ளிக் குடித்தது, இந்தியப் பயண வரலாற்றிலும் இடம்பெற வேண்டிய நிகழ்ச்சியாகும். தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் நிலவிய இரட்டைக் குவளை முறையும் கலத்தைக் கொண்டே மனிதரைப் பிரித்த கொடுமை. அண்ணாந்து குடிக்கும் வழக்கத்தில் தூய்மை உணர்வும் தீட்டு எண்ணமும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன என்பதை மறைத்துவிட்டு, செம்பின் அழகை மட்டும் பேசுவது நேர்மையான வரலாறு ஆகாது.

இத்தகைய சமூகத்தில் தோன்றிச் செழித்த பயணக் கலம்தான் கூஜா. கலத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான கூசா என்பதிலிருந்து வந்த இப்பெயர், தமிழில் திருகு மூடியும் வளைந்த கைப்பிடியும் கொண்ட பித்தளை நீர்ப்பாத்திரத்துக்கு வழங்கலாயிற்று. மூடியின் உட்புறத்திலும் கழுத்தின் வெளிப்புறத்திலும் ஒன்றோடொன்று பொருந்துமாறு வெட்டிய சுருள் வரியை மரை என்பர். மரை இறுகியதும் கூஜாவை மாட்டுவண்டியின் வைக்கோல் மீது சாய்த்து வைத்தாலும் நீர் சிந்தாது. உறியில் தொங்கியே தீரவேண்டியிருந்த நீர்க்கலம் படுக்கவும் உருளவும் துணிந்தது இந்த மரையால்தான். அந்த வகையில், பயணப் பாத்திரத்தின் நீண்ட வரலாற்றில் உலோகம் மாறியதைவிட மூடி மாறியதே பெரிய திருப்பம் என்று கொள்ளலாம். மூடியையே குவளையாகப் பயன்படுத்துமாறு செய்யப்பட்ட கூஜாக்களும் உண்டு. கும்பகோணம் போன்ற பாத்திரத் தொழில் ஊர்களில் கன்னார் எனப்படும் உலோகக் கைவினைஞர்கள் தகட்டை அடித்து வயிற்றையும் கழுத்தையும் தனித்தனியே உருவாக்கிப் பற்றவைத்தனர். மரை பொருந்துவதில்தான் அவர்களின் கைத்திறம் தெரியும்.

பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளிப்பான பொருள் பட்டாலோ நீர் நெடுநேரம் நின்றாலோ பச்சைக் களிம்பு ஏறும். இதைத் தடுக்கவே கூஜாவின் உட்புறத்தில் ஈயம் பூசினர். இங்கே ஈயம் என்பது வெள்ளீயம்; நஞ்சான காரீயம் அன்று. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்யப்படுவதும் இந்த வெள்ளீயத்தால்தான். தெருத்தெருவாக வந்து ஈயம் பூசுபவர் தரையில் குழி தோண்டித் துருத்தி வைத்து, பாத்திரத்தைக் கரி நெருப்பில் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவி உள்ளே படிந்த கறையை நீக்கி, 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் வெள்ளீயத் துண்டைத் தேய்த்துப் பஞ்சால் பரப்புவார். நொடியில் மஞ்சள் உட்புறம் வெள்ளி போல மாறும். பூச்சு தேயத் தேயப் புதுப்பிக்க வேண்டும் என்பதால் ஒரு கூஜாவின் நம்பகத்தன்மை அதைச் செய்தவரோடு முடியாமல், அதைப் பேணுபவரையும் சார்ந்திருந்தது. ஒரு பொருளைப் பழுதுபார்த்துப் பல தலைமுறைக்குக் கைமாற்றும் அந்த ஒழுங்கு, தொழிலாளரோடு சேர்ந்து தெருவிலிருந்து மறைந்தது பேரிழப்பு.

கூஜாவுக்கு மற்றொரு முகமும் உண்டு. ஆசாரம் பார்த்தவர்கள் பிறர் தொட்ட நீரைக் குடிக்காமலிருக்க அதைக் கொண்டுசென்றனர். செல்வரின் கூஜாவை அவர் பின்னால் ஏவலாள் ஏந்தி நடந்தார். அதிகாரத்தில் இருப்பவரை அண்டிப் பிழைப்பதைக் கூஜா தூக்குதல் என்று தமிழர் இன்றும் சொல்வது இதனால்தான். பயணத் தண்ணீர்ப் பாத்திரம் ஒன்று மொழியில் இப்படி ஒரு வசையாகத் தங்கிவிட்டதில், அதைச் சுமந்தவரின் மனக்கசப்பு ஒலிக்கிறது.

உலோகக் கூஜா தண்ணீரைக் காத்ததே தவிரக் குளிர்விக்கவில்லை. அதைச் செய்தவை மண் கூஜாவும் துணிப் பையும். சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்பரப்பில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச்செல்கிறது. ஒரு லிட்டர் நீரில் வெறும் 10 கிராம் ஆவியானாலே மீதமுள்ள நீர் 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் குளிரக்கூடும். மானாமதுரை போன்ற மண்பாண்ட ஊர்களின் கூஜாக்கள் காற்று உலர்ந்திருக்கும் உள்நாட்டுக் கோடையில் நன்றாக உதவும்; ஈரக்காற்று நிறைந்த கடற்கரையில் அந்த அளவுக்கு உதவா. அதே இயற்கை விதியைக் கொண்டு இயங்கியது முரட்டுக் கித்தான் துணியில் தைத்த தண்ணீர்ப் பை. முதல் முறை நனைந்ததும் நூல் உப்பித் துளைகள் அடைபட, சற்றே வியர்த்துக்கொண்டிருக்கும் அப்பை லாரியின் முன்புறத்தில் காற்றுப்படத் தொங்கும். 

1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. நடந்து போகிறவர் தாகமெடுத்த இடத்தில் கிணற்றைத் தேடலாம். ரயிலில் போகிறவர் வண்டி நிற்கும் நிலையத்தில், நிற்கும் சில நிமிடத்துக்குள் தேட வேண்டும். நிலையங்களில் தண்ணீர் வழங்க ஆள்கள் அமர்த்தப்பட்டனர்; ஆனால் நாட்டின் பல பகுதிகளில் இந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர் என்று அதுவும் இரண்டாகப் பிரிந்தது. திருவிழாக் கூட்டங்களோடு காலராவும் இருப்புப்பாதை வழியே விரைந்து பரவிற்று. ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் ஆய்வு செய்து காலராக் கிருமியை நீரோடு தொடர்புபடுத்திய பிறகு, காய்ச்சி ஆறவைத்த நீரை வீட்டிலிருந்தே எடுத்துச்செல்வதற்கு மருத்துவக் காரணமும் கிடைத்தது. தீட்டுக்கு அஞ்சித் தூக்கிய கூஜாவை இப்போது நோய்க்கு அஞ்சித் தூக்கினர்; காரணம் மாறியும் பழக்கம் நிலைத்தது. சென்னையில் மணல் வடிகட்டிகளோடு கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914இல் அமைந்தபின் நகரக் குழாய் நீர் மீது மெல்ல நம்பிக்கை பிறந்தாலும், பயணத்தில் அந்த நம்பிக்கை வீட்டு வாசலோடு நின்றுவிட்டது.

படைவீரரின் கலமே இன்றைய மலையேற்றப் பாட்டிலுக்கு நேர்முன்னோடி. பிரிட்டிஷ் படையினரும் இந்தியப் படையினரும் இரு உலகப் போர்களிலும் சுமந்தது, எனாமல் பூசிய இரும்புக் குப்பி. ஏறத்தாழ ஒரு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும் அதன் மீது தடித்த கம்பளி உறை தைக்கப்பட்டிருக்கும், உறையை நனைத்தால் மண்பானை போலவே உள்நீர் குளிரும். ஒரு பக்கம் உட்குழிந்த வடிவம் இடுப்போடு ஒட்டி நிற்கும். எனாமல் தெறித்த இடத்தில் இரும்பு துருப்பிடிப்பது அதன் குறை. எடை குறைந்த அலுமினியம் அதற்கு விடையாக வந்தது. 1886இல் ஹால், எரூ ஆகிய இருவரும் தனித்தனியே மின்பகுப்பு முறையைக் கண்டறியும் வரை விலையுயர்ந்த அரிய உலோகமாக இருந்த அலுமினியம், அதன்பின் சமையலறைக்கு வந்தது. இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்ட இடம் சென்னை எழும்பூர்க் கலைப்பள்ளி. 1898இல் அங்கே ஆல்பிரட் சேட்டர்டன், நலிந்துவந்த பாத்திரத் தொழிலாளரின் கைத்திறத்தைப் புதிய உலோகத்துக்குத் திருப்ப முனைந்தார், சில ஆண்டுகளில் அம்முயற்சி தனி நிறுவனமாக வளர்ந்தது. அலுமினியத்தின் எடை பித்தளையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் மோரும் எலுமிச்சைச் சாறும் அதை அரிக்கும். எனவே பிற்காலத்து அலுமினியப் பாட்டில்களுக்கு உட்பூச்சு தேவைப்பட்டது, ஈயம் பூசிய கூஜாவின் சிக்கல் வேறு பெயரில் திரும்பியது.

வெற்றிடக் குடுவை எனப்படும் பிளாஸ்க் ஆய்வகத்தில் பிறந்தது. லண்டனில் ஜேம்ஸ் டேவர் 1892இல் திரவ வாயுக்களைக் காக்கச் செய்த இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குடுவையை, ஜெர்மானியரான ரைன்ஹோல்ட் பர்கர் வீட்டுப் பயனுக்கு மாற்ற, 1904இல் தெர்மோஸ் என்னும் பெயரில் விற்பனை தொடங்கியது. உடையும் கண்ணாடிக்குப் பதில் முழுவதும் எஃகாலான குடுவையை 1913இல் அமெரிக்கரான வில்லியம் ஸ்டான்லி உருவாக்கினார்.

துருப்பிடிக்காத எஃகுக்குத் தமிழ் மக்களிடையே வழங்கும் பெயர் எவர்சில்வர். எக்காலமும் வெள்ளி போல இருப்பது என்னும் பொருள்படும் அப்பெயரிலேயே அது ஏன் வரவேற்கப்பட்டது என்பது அடங்கியிருக்கிறது: களிம்பு ஏறாது, ஈயம் பூச வேண்டாம், புளி போட்டுத் துலக்க வேண்டாம். இரும்போடு 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் சேர்ந்த வகையே பாத்திரத்துக்கு உகந்தது. 304 என்ற எண்ணால் அறியப்படும் அவ்வகையில் குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத காப்புப் படலத்தை உருவாக்குகிறது, கீறல் விழுந்தாலும் அது தானே மீண்டும் படியும். வெளியிலிருந்து பூசப்பட்ட ஈயத்துக்கும் எனாமலுக்கும் இல்லாத இந்தத் தன்மைதான் பயணக் கலத்தின் நெடுநாள் குறையைத் தீர்த்தது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202 போன்ற மலிவு வகைகள் அதே அளவுக்கு அரிப்பைத் தாங்கா. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று கடைகளில் செய்யும் சோதனை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது, ஏனெனில் இரண்டிலுமே காந்தம் பொதுவாக ஒட்டுவதில்லை. சேலம் உருக்காலை 1981இல் உற்பத்தியைத் தொடங்கியபின் துருப்பிடிக்காத எஃகுத் தகடு தமிழ்நாட்டிலேயே உருளத் தொடங்கியது. பயணத்துக்கு ஒற்றைச் சுவர்ப் பாட்டிலா, வெற்றிட இரட்டைச் சுவர்ப் பாட்டிலா என்பதில் பழைய குடுக்கைக் கணக்கே திரும்புகிறது: இரட்டைச் சுவர் குளிர்ச்சியைக் காக்கும், எடை ஏறக்குறைய இரு மடங்காகும், அதை அடுப்பில் வைக்கவும் கூடாது, ஒற்றைச் சுவரில் காட்டு ஓடை நீரை நேரே காய்ச்சிக் குடிக்கலாம்.

நெகிழியின் கதை இதற்குள் வேகமாக ஓடி முடிந்தது. அமெரிக்காவில் 1949இல் ஆய்வகக் கருவிகளுக்காகத் தொடங்கப்பட்ட நால்ஜீன் நிறுவனத்தின் அகன்ற வாய்ப் பாட்டில்களை மலையேறுவோர் தாமாகவே எடுத்துப் பழக, அவை 1970களில் அவர்களுக்கென்றே விற்பனைக்கு வந்தன. கல்லில் விழுந்தாலும் உடையாத பாலிகார்பனேட் பின்னர் சேர்ந்தது. 2008இல் கனடா அரசு அதிலுள்ள பிஸ்பினால்-ஏ என்னும் வேதிப்பொருள் குழந்தைகளுக்குக் கேடு என்று அறிவிக்க, அதே ஆண்டில் உற்பத்தியாளர்கள் வேறு நெகிழிக்கு மாறினர். இதனினும் பெரிய மாற்றத்தை உண்டாக்கியது, நதானியேல் வைத் 1973இல் காப்புரிமை பெற்ற பெட் பாட்டில். வழியெங்கும் விலைக்குத் தண்ணீர் கிடைத்ததும் வீட்டிலிருந்து கலம் எடுத்துச்செல்லும் பழக்கமே ஒரு தலைமுறையில் தளர்ந்தது. தண்ணீர்ப்பந்தலில் நீர் பொதுவானது, கலம் தனியாருடையது. கடையில் இரண்டும் விலைப்பொருள், குடித்து முடித்ததும் கலம் மலைச்சரிவில் கிடந்தது. தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் பலவற்றை, தண்ணீர்ப் பாக்கெட் உட்பட, தடை செய்தது; நீலகிரி மாவட்டத்தில் அதே ஆண்டு நெகிழிக் குடிநீர் பாட்டில்களுக்கும் தடை வந்து, சாலையோரங்களில் குடிநீர் ஏ.டி.எம்.கள் நிறுவப்பட்டன. நாணயம் போட்டால் சுமந்துவந்த பாட்டிலில் நீர் நிரப்பும் அந்தப் பொறிகள் பழுதின்றி இயங்கும் வரைதான் தடைக்குப் பயன் உண்டு. இறைப்பவருக்கும் வார்ப்பவருக்கும் குயவருக்கும் பங்கு எழுதிய சோழர் கால ஊரவை இதை அறிந்திருந்தது.

கோயம்புத்தூரை அடுத்த வெள்ளியங்கிரியில், பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலை கடந்து ஏறும் அடியார்களின் நெகிழிப் பாட்டில்களில் வனத்துறையினர் ஒட்டுச்சீட்டு ஒட்டி முன்பணம் பெறுகின்றனர். இறங்கும்போது பாட்டிலைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். அம்மலைப்பாதையில் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஆண்டிச் சுனை என்று நீர் சுரக்கும் இடங்கள் உண்டு. சுனைகளில் நீர் நன்றாக ஓடும் நாளில் மூங்கில் கோலோடு ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொண்டு ஏறினால் போதும். கோடையில் நீர் மெலிந்திருந்தால் இரண்டாவது பாட்டில் வேண்டும். எனவே பழகிய அடியார்கள் பாட்டிலை நிரப்புமுன், மேலிருந்து இறங்கி வருபவரிடம் சுனையில் தண்ணீர் வருகிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.